வரியும் வழியும்



முதற் குலோத்துங்க சோழனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றொரு சிறப்புப் பெயர் உண்டு. பள்ளி நாளில் தேர்வுக்கு அஞ்சி நாம் மனப்பாடம் செய்த பெயர் அது. பின்னாளில் ஒரு காலைப் பொழுதில், தில்லியின் எல்லைச் சாவடியில் லாரிகளுக்கிடையே முக்கால் மணி நேரம் அகப்பட்டு நின்றபோதுதான் அப்பெயரின் அருமை நமக்கு விளங்கிற்று. ஓர் அரசன் சுங்கத்தை நீக்கினான் என்பதை மக்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளாக மறவாதிருக்கிறார்கள். சுங்கம் விதித்தவனை எவரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் நல்ல சொல்லால் நினைப்பதில்லை.

எனினும், நாம் பிழைக்க வந்து வாழும் இத்தலைநகரில் 2015ஆம் ஆண்டு ஒரு புதிய சுங்கம் பிறந்தது. அதை விதித்தது அரசனுமன்று, அமைச்சருமன்று, உச்ச நீதிமன்றம். ‘சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம்’ என்பது அதன் பெயர். சாலை போட்டதற்காக வாங்கும் காசு அன்று அது. காற்றைக் கெடுப்பதற்காக வாங்கும் காசு. அதைப் பற்றி இப்பகுதியில் எழுதுமாறு மயூர் விகாரிலிருந்தும் நொய்டாவிலிருந்தும் நேயர்கள் சிலர் கேட்டிருந்தனர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதும் நாம், சட்டம் பேச வல்லவர் அல்லோம். ஆயினும் அச்சுங்கத்தோடு மல்லாடிய ஒருவரை நாம் நன்கு அறிவோம். அவர் கதையைச் சொன்னால் விஷயம் தானே விளங்கும்.

அவரை நம்மவர் யாவரும் ‘மாவு அண்ணாச்சி’ என்றே அழைப்பர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வடக்கே வந்து, வாடகை குறைவு என்பதனால் நொய்டாவில் குடியமர்ந்து, அங்கேயே கிரைண்டர்கள் வைத்து இட்லி மாவு அரைத்து, விடியுமுன் தில்லிக்குக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பவர். ஊரிலிருந்து அவருக்கு வரும் வாழையிலைக் கட்டும் அப்பளக் கூடையும் நம் அலுவலகச் சன்னல் வழியாகத்தான் போகும். அவருடைய வாகனம், நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று சொல்வோமே, அந்தச் சிறு சரக்கு வண்டி. டீசலில் ஓடுவது; 2018ஆம் ஆண்டு வாங்கியது; உத்தரப் பிரதேசப் பதிவெண் கொண்டது.

இப்போது சுங்கத்தின் கணக்கைச் சொல்வோம். 2015 நவம்பர் முதல் தேதியிலிருந்து, தில்லிக்குள் நுழையும் சிறு சரக்கு வண்டிக்கும் இரண்டு அச்சு லாரிக்கும் 700 ரூபாய், மூன்று அச்சும் அதற்கு மேலும் உள்ள லாரிக்கு 1,300 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அது 1,400 என்றும் 2,600 என்றும் இரட்டிக்கப்பட்டது. பயணிகள் வண்டிக்கும் நோயாளி ஊர்திக்கும் இச்சுங்கம் இல்லை. உணவுப் பொருள் கொண்டுவரும் வண்டிகளுக்கும் தொடக்கத்திலேயே விலக்கு அளித்திருந்தார்கள். ஆகவே அண்ணாச்சியின் மாவு பல ஆண்டுகள் சுங்கமின்றியே தில்லிக்குள் வந்தது.

ஒரே ஒரு நாள் மட்டும் அகப்பட்டுக்கொண்டார். பழுது பார்த்த கிரைண்டர்க் கல் ஒன்றைத் தம் வாடிக்கைக்காரர் ஒருவருக்குக் கொடுப்பதற்காக மாவு வாளிகளுக்கிடையே ஏற்றி வந்திருந்தார். சாவடியில் நின்றவர், “மாவு உணவு, கல் உணவா?” என்று கேட்டாராம். அண்ணாச்சியால் பதில் சொல்ல இயலவில்லை. அன்று கல்லுக்காக மாவும் சேர்ந்து சுங்கம் செலுத்திற்று. அதை அவர் ஓராண்டு காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நின்றுபோயிற்று. உணவுப் பொருளுக்கு அளித்த விலக்கை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. எந்த வண்டியில் உணவு, எந்த வண்டியில் வேறு பொருள் என்று பார்ப்பதற்காக ஒவ்வொன்றையும் எல்லையில் நிறுத்துவதனால், நின்ற வண்டிகள் கக்கும் புகையே பெரும் கேடாகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் நியாயமானதே. ஆயினும் ஒரு நாளைக்கு 1,400 ரூபாய், திங்களுக்கு இருபத்தாறு நாள் என்றால் 36,400 ரூபாய். அண்ணாச்சியின் கடை வாடகையைக் காட்டிலும் அது மிகுதி. போதாக்குறைக்கு, வெளிமாநிலப் பதிவு கொண்ட பி.எஸ். 4 சரக்கு வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் தில்லிக்குள் அனுமதி என்ற ஆணையும் வந்தது. அண்ணாச்சியின் குட்டி யானை அவ்வகையைச் சேர்ந்ததே.

நம் சன்னலுக்கு வெளியே நின்று அவர் பொருமினார்: “தம்பி, குளிர்சாதனக் காரில் ஒருவர் தனியாக உட்கார்ந்து போகிறார்; அவருக்குச் சுங்கம் இல்லை. நூறு வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரம் கொண்டுபோகிற எனக்குச் சுங்கமா? இது எந்த ஊர் நியாயம்?”

2000 கன அளவும் அதற்கு மேலும் உள்ள புதிய டீசல் கார்களுக்கு, விலையில் நூற்றுக்கு ஒன்று வீதம் பதிவின்போதே கட்டணம் வாங்குமாறு 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதை எடுத்துச் சொன்னோம். “ஒரு முறை கொடுப்பதும் தினமும் கொடுப்பதும் ஒன்றா?” என்று திருப்பிக் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. பேரேட்டைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டோம்.

நிற்க. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அண்ணாச்சி வெகு நேரம் கழித்து வந்தார். முகம் வாடியிருந்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்திக்கு இரவு முழுதும் மூச்சிரைப்பு. மருந்து ஆவி பிடிக்கும் கருவியை மூன்று முறை வைத்தும் அடங்காமல், விடியற்காலையில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள். நம் அலுவலகத்துத் தள்ளுவண்டியின் ஓரத்தில் அமர்ந்து அவர் சொன்னார்: “இராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், தம்பி. காலையில் வந்து வண்டியைக் கிளப்பினேன். பின்னால் புகை வந்தது. ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். இன்றைக்குத்தான் அதைத் திரும்பிப் பார்த்தேன்.”

நேயர்களே, இவ்விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சுங்கம் கொடுப்பவர் ஒரு வீட்டிலும், மூச்சுத் திணறுபவர் மற்றொரு வீட்டிலும் இருந்தால் வழக்காடுவது எளிது. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் யார் பக்கம் பேசுவது?

தில்லியின் காற்று வண்டிப் புகை ஒன்றினாலேயே கெடுவதில்லை. வயலில் எரிக்கும் வைக்கோல், தொழிற்சாலை, செங்கற் சூளை, கட்டடத் தூசி, குப்பைத் தீ யாவும் சேர்ந்தே கெடுக்கின்றன. கோடையில் சூடேறிய காற்று மேலெழும்பிப் புகையையும் உடன் கொண்டுபோய்விடும். குளிர் காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. காற்றோட்டமும் குறைவு. ஆகவே நாம் விட்ட புகை நம்மிடமே தங்குகிறது. அப்புகையில் மயிரிழையின் பருமனில் முப்பதில் ஒரு பங்கிற்கும் குறைவான நுண்துகள்கள் உள்ளன. அவற்றைத்தான் பி.எம். 2.5 என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அவை மூக்கிலும் தொண்டையிலும் நில்லாமல் நுரையீரலின் அடி வரை செல்லும். ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர்க் காற்றில் அவை 5 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்று உலக நல்வாழ்வு அமைப்பு 2021இல் வரையறுத்தது. நம் நாடு 2009இல் வகுத்த வரம்பு 40. தில்லியோ அதனையும் தாண்டியே நிற்கிறது.

இத்துன்பம் நமக்கு மட்டும் வந்ததன்று. இலண்டன் மாநகரில் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை ஐந்து நாள் ஊரை மூடி ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதன்பின் 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றினார்கள். நிலக்கரி போயிற்று; வண்டிகள் பெருகின. அந்நகரின் தென்பகுதியில், நெரிசல் மிக்க ஒரு பெருஞ்சாலையின் அருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் மூச்சிரைப்பால் இறந்தாள். அவள் தாய் விடாது போராடினார். காற்று மாசும் அவள் சாவுக்கு ஒரு காரணமே என்று மரண விசாரணை அதிகாரி 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தார்.

அந்நகரில் 2019 ஏப்ரல் 8 முதல் மிகக் குறைந்த புகை வலயம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். புகை வரம்புக்கு உட்படாத கார் அதற்குள் ஓடினால் நாளொன்றுக்கு 12 பவுன் 50 பென்ஸ் கட்டணம். முதலில் நகரின் நடுப்பகுதி மட்டும். 2021 அக்டோபரில் விரிவடைந்து, 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகர் முழுவதும் வலயமாயிற்று. எதிர்ப்பு சிறிதன்று. பழைய கார் வைத்திருப்பவர் ஏழைகள்தாமே என்ற வாதம் அங்கும் எழுந்தது. அதற்கு விடையாக, பழைய காரை உடைக்கக் கொடுப்பவருக்கு 2,000 பவுன் வரை தரும் திட்டம் ஒன்றை வைத்தார்கள். காரை விட்டவர் ஏறிச் செல்லப் பாதாள இரயிலும் பேருந்தும் அங்கே முன்னரே இருந்தன. வரி கேட்டவர்கள் வழியையும் காட்டினார்கள் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டுவது.

நம் தில்லியில் வழி காட்டவேயில்லை என்று சொல்வது நேர்மையாகாது. வடக்கேயிருந்து தெற்கே போகும் லாரி தில்லியை ஊடறுத்துப் போகத் தேவையில்லாதபடி, கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு சுற்றுச் சாலைகள் 2018இல் திறக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 270 கிலோமீட்டர். தில்லியில் காரியமில்லாத லாரி அவ்வழியே போகலாம். இச்சுங்கமும் இல்லை, ஊருக்குள் புகையும் இல்லை. நம் பேரேட்டு அறிவைக் கொண்டு இன்னொன்றும் சொல்வோம். 58 பெட்டிகள் கொண்ட சரக்கு இரயில், பெட்டிக்கு ஏறக்குறைய 60 டன் வீதம் ஏற்றுகிறது. அதே பாரத்தைச் சாலையில் கொண்டுவர நூற்றைம்பதுக்கு மேற்பட்ட லாரிகள் வேண்டும். இரயில்வேக்காரர் இரயிலைப் புகழ்கிறார் என்று நேயர்கள் நகைத்தாலும் கணக்கு மாறாது.

வாங்கிய காசு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. பொதுப் போக்குவரத்தைப் பெருக்கவும், நடப்பவர்க்கும் சைக்கிளில் செல்பவர்க்கும் சாலைகளைச் சீர்செய்யவுமே அது செலவாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தொடக்கத்திலேயே கூறியது. தில்லி–மீரட் விரைவு இரயிலுக்கும் இந்நிதியிலிருந்து கொடுக்குமாறு 2019இல் ஆணையிட்டது. அவ்விரயிலின் முதற்பகுதி 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கிற்று. இது நல்ல செலவு. ஆனால் அண்ணாச்சியைப் போன்ற சிறு வணிகர் தம் வண்டியை மாற்றிக்கொள்ள இந்நிதியிலிருந்து கை கொடுத்தால், சுங்கம் தண்டனையாக இராமல் துணையாக மாறுமன்றோ? கொடுப்பவனுக்குத் தான் கொடுத்த காசு கண்ணில் தெரிய வேண்டும். பேருந்து நிலையத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வந்தால் அதுவே இரசீது.

அண்ணாச்சியின் கதையை முடிப்போம். மருத்துவமனையிலிருந்து பேத்தி வீடு திரும்பிய பின், அவர் நம்மோடு கலந்து பேசினார். வண்டியை மாற்றக் கையில் பணமில்லை. சுங்கம் கொடுக்க வருமானம் போதாது. தொழிலை விடவோ மனமில்லை. பேச்சுக்கிடையே பழைய கிரைண்டர்க் கல்லின் நினைவு வந்தது.

“அண்ணாச்சி, மாவைத்தானே நாள்தோறும் எல்லை தாண்டிக் கொண்டுவருகிறீர்கள்? கல்லை ஒரு முறை கொண்டுவந்துவிட்டால் என்ன?” என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மாப்பிள்ளை வீடு மயூர் விகாரில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது” என்றார்.

2026 தை பிறந்ததும், குட்டி யானை கடைசி முறையாகச் சுங்கம் செலுத்தி, நான்கு கிரைண்டர்களை மயூர் விகாரில் இறக்கிற்று. அரிசியும் உளுந்தும் பக்கத்துச் சந்தையிலேயே வாங்குகிறார். அண்ணாச்சி நொய்டாவிலிருந்து விடியற்காலை மெட்ரோவில் வருகிறார். மாவு வாளிகள் மின்கலத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டியில் வாடகைக்குப் போகின்றன. வருமானம் முன்போல் இல்லை. அறைக்கு மருமகனிடம் வாடகை கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் செய்ததால் இன்னும் சற்றுக் குறைந்தது. தொலைவில் இருந்த இருபது வாடிக்கை வீடுகளையும் விட நேர்ந்தது. “ஆனால் தம்பி, எனக்குப் பின்னால் இப்போது புகை வருவதில்லை” என்றார்.

மயூர் விகாரில் மருமகன் இல்லாதவர் என்ன செய்வார் என்று நேயர்கள் கேட்கலாம். அக்கேள்வியை நாமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆசாத்பூர்ச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றி வரும் லாரிக்காரருக்குக் கல்லை மாற்றி வைக்கும் வித்தை பலிக்காது. அவர் கொடுக்கும் சுங்கம் வெங்காயத்தின் விலையில் ஏறி நம் சாம்பாரில் வந்து சேரும். நல்ல காற்றுக்கு நாம் யாவரும் விலை கொடுத்தே ஆகவேண்டும் என்பதை ஒப்புக்கொள்வோம். அவ்விலை எளியவர் முதுகில் மட்டும் ஏறாதிருக்கப் பார்ப்பதும் நம் கடமை.

இனி, நம்மவர்க்கு உதவும் சில குறிப்புகள்.

மாற்றலாகித் தில்லிக்கு வருவோர், ஊரிலுள்ள காரை உடன் கொண்டுவரும் முன் பதிவுச் சான்றை எடுத்துப் பார்க்க வேண்டும். எரிபொருள் எது, பதிவான ஆண்டு எது, பி.எஸ். எண் எது என்ற மூன்றும் முக்கியம். பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்ற ஆணையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025இல் அதன் நடைமுறையில் மாறுதல்கள் வந்தன. ஆகவே வண்டியை இரயிலிலோ லாரியிலோ ஏற்றுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டறிவது நலம். தந்தையார் ஆசையாய் வைத்திருந்த காரைக் கொண்டுவந்து, இங்கே தெருவில் துரு ஏற விட்ட குடும்பம் ஒன்றை நாம் அறிவோம்.

குளிர் காலத்தில் காற்று மிகக் கெட்டு மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டால், பி.எஸ். 3 பெட்ரோல் கார்களையும் பி.எஸ். 4 டீசல் கார்களையும் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வெளியே எடுக்கலாகாது. மீறினால் 20,000 ரூபாய் தண்டம். புகைச் சான்று இல்லாத வண்டிக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. சான்றுக்கு ஆகும் செலவோ ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசு.

வீட்டுச் சாமான்களை லாரியில் வரவழைப்போர், பேசிய வாடகையில் எல்லைக் கட்டணமும் அடக்கமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் எல்லையில் நின்றுகொண்டு ஓட்டுநர் தொலைபேசியில் கேட்கும்போது வாதாட முடியாது.

இலண்டனில் பிள்ளைகளைக் காணச் செல்வோருக்கும் ஒரு சொல். அங்கே சாவடியோ தடுப்புக் கம்போ இல்லை. கருவிகள் எண் பலகையைப் படித்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் நாள் நீங்கலாக எல்லா நாளும் இரவும் பகலும் வலயம் செயற்படும். ஓட்டிய நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டணம் செலுத்தாவிடில் 180 பவுன் தண்டம். பதினான்கு நாளில் செலுத்தினால் பாதி. மகனின் பழைய டீசல் காரை ஆசையாய் ஓட்டிப் பார்க்குமுன் அதன் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாண்டு பொங்கலன்று அண்ணாச்சி நமக்கு ஒரு வாளி மாவு அனுப்பியிருந்தார். கொண்டுவந்து கொடுத்தவள் அவர் பேத்தி. நம் வீடு மூன்றாவது மாடி. படியேறி வந்தவள் மூச்சு வாங்காமல், “தாத்தா கொடுக்கச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியிறங்கி ஓடினாள். அவள் காலடி ஓசை கீழே மறையும் வரை வாசலிலேயே நின்று கேட்டிருந்தோம்.